நடு வகிடு எடுத்த மந்தாரை

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், நாலென்ன, நாற்பது சொல்வேன். ஆனால் முதலில் கொஞ்சம் குறை சொல்லிவிட்டுத்தான் அதற்கு வருவேன். மச்சினியாக இருந்துகொண்டு அந்த உரிமையை விட்டுக்கொடுக்க முடியுமா?

அத்தான் முடிவெட்டுகிறவர். சொந்தமாக ஒரு சலூன் வைத்திருக்கிறார். ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் கடை. அதை ஒட்டி இடது பக்கம் இருப்பது என்னுடைய தையல் கடை. நடுவில் ஒற்றைச் சுவர். அவருடைய கத்தரிச் சத்தம் எனக்குக் கேட்கும், என் மிஷின் சத்தம் அவருக்குக் கேட்கும். இரண்டு கடைக்கும் சொந்தக்காரி மேலே குடியிருக்கும் மாடியம்மா.

இப்போது குறை. அத்தானுக்குக் கோணல் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. வாசல் மிதியடியில் நார் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டுவார். விளக்குமாற்றின் நுனியைச் சமமாக நறுக்குவார். வாடிக்கையாளர் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கும்போது அவருடைய சட்டைக் கையில் தொங்கிய நூலை வெட்டி எடுத்திருக்கிறார். ஒருமுறை நான் ஒரு சால்வையின் ஓரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து குஞ்சம் முடிந்து, அதை அவர் பெஞ்சில் வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சால்வை மொட்டையாக இருக்கிறது. "பிசிறா இருந்துச்சும்மா, சரி பண்ணிட்டேன்" என்கிறார், ஏதோ உபகாரம் செய்தவர் மாதிரி. அந்தச் சால்வைக்காரியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

ஆனால் அந்தக் கைதான் அவருக்குச் சோறு போடுகிறது. காதுக்குப் பக்கத்தில் கத்தரியைக் கொண்டுபோனால் கைக்குழந்தைகூட அழாது. இரண்டு கிருதாவும் ஒரு நூல் பிசகாது. வேறு ஊருக்கு வீடு மாறிப்போனவர்கள்கூட பஸ் பிடித்து வந்து இவரிடம் தலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

சொந்தக் கடை வைப்பதற்கு முன்பு அத்தான் சந்தைப் பக்கத்தில் ஒரு பெரிய சலூனில் வேலை பார்த்தார். அங்கே ஒரு வழக்கம். காலையில் முதல் ஆள் வந்து உட்காருவதற்கு முன்னால் வேலைக்காரர்கள் எல்லாரும் வரிசையாக நின்று கத்தரியை வெறும் காற்றில் வெட்ட வேண்டும். கை சூடேறி, விரல் இளகிய பிறகுதான் தலையைத் தொடலாம். தனிக்கடைக்கு வந்த பிறகும் அத்தானுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து காற்றை வெட்டினால் அது பயிற்சி, ஒற்றை ஆள் வாசலில் நின்று காற்றை வெட்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்தக் கூச்சம் அவருக்கு இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கடை வாசலில் ஒரு செடி வைக்கலாம் என்று நர்சரிக்குப் போனோம். அங்கே இருந்தவர் ஒவ்வொரு செடியாகக் காட்டி, இது இந்த நிறம் பூக்கும், அது அந்த நிறம் பூக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அத்தான் காதில் எதுவும் ஏறவில்லை. ஒரு மந்தாரைக் கன்றின் முன்னால் நின்றுவிட்டார். மந்தாரை இலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் ஒரே அளவில் விரிந்திருக்கும். "இங்க பாரு, எலைக்கே நடு வகிடு எடுத்து வெச்சிருக்கு" என்று என்னிடம் காட்டினார். ஊரில் எல்லாரும் பூவுக்காக மந்தாரை வாங்குவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் தலை சீவியிருப்பதற்காக வாங்கினோம்.

கன்று நன்றாகப் பிடித்துக்கொண்டது. தோள் உயரத்துக்கு வந்ததும் அத்தானின் காலைப் பயிற்சி காற்றிலிருந்து மரத்துக்கு மாறியது. தினமும் கடை திறந்ததும் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, மரத்தைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளையெல்லாம் கத்தரிப்பார். வருஷங்கள் போகப் போக, ஒல்லியான அடிமரத்தின் மேல் பந்து உட்கார வைத்தது மாதிரி ஆகிவிட்டது. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சலூனுக்கு வழி கேட்டால், "உருண்டை மரம் இருக்கும் பாருங்க" என்றுதான் சொன்னார்கள். இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்?

ஒன்றே ஒன்றுதான் குறை. அது பூக்கவில்லை.

அதே நர்சரியில் வாங்கிய மந்தாரை பஸ் ஸ்டாப் பக்கம் ஒன்று நின்றது. யாரும் தண்ணீர்கூட ஊற்றாத மரம். அது வருஷா வருஷம் இலை தெரியாமல் பூத்துக் கொட்டியது. எங்கள் மரத்துக்கோ ராஜ உபசாரம். டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, மீன் கழுவிய தண்ணீர், யாராவது எதையாவது சொன்னால் அன்றைக்கே அது மரத்தடிக்குப் போய்விடும். மீன் தண்ணீர் ஊற்றிய வாரம் தெருப் பூனைகள் எல்லாம் என் கடை வாசலில்தான் குடியிருந்தன. எதற்கும் மரம் மசியவில்லை. நர்சரிக்காரர் மலட்டுக் கன்றைத் தலையில் கட்டிவிட்டார் என்றார் அத்தான். மண் சரியில்லை என்றார். கடைசியில் என் மிஷின் சத்தத்தில் மரம் பயந்திருக்கும் என்றார். அன்றைக்கு எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை.

ஒரு நாள் மாடியம்மா கீழே இறங்கி வந்தார். அவருடைய மகன் புதிதாகக் கார் வாங்கியிருந்தான். வாராவாரம் அம்மாவைப் பார்க்க வரும்போது அதைத் தெருவில் நிறுத்த வேண்டியிருந்தது. போகிற வண்டி எதுவோ உரசிவிட்டுப் போய்விட்டது. கடைக்கு முன்னால் இருக்கும் இடத்தில் மரத்தை எடுத்துவிட்டுச் சிமெண்டு போட்டுவிடலாம் என்று யோசிக்கிறேன் என்றார். மாடியம்மா கத்திப் பேசுகிறவர் இல்லை. அதனாலேயே அவர் சொன்னால் பதில் சொல்ல வராது.

"பூக்குற மரம்னா நானே எடுக்க வேணாம்னுடுவேன் தம்பி. வெறும் எலைக்கு எதுக்கு இவ்வளவு எடம்? அடுத்த தடவை பஸ் ஸ்டாப் மரம் பூக்கும்போது இதுவும் பூத்துச்சுன்னா அப்படியே இருக்கட்டும். இல்லன்னா எடுத்துருவோம்" என்றார்.

அத்தான் தலையாட்டினார். அன்று மத்தியானம் அக்கா கொண்டுவந்த சாப்பாடு திறக்காமலே திரும்பிப் போனது. மரத்தின் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சொந்தமாக வாங்கிய முதல் நாற்காலியும் அந்தக் கன்றும் ஒரே வாரத்தில் கடைக்கு வந்தவை. நாற்காலியின் மெத்தையை மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. மரம் மட்டும்தான் அன்றிலிருந்து அப்படியே கூட வருகிறது.

பஸ் ஸ்டாப் மரம் பூக்க ஆரம்பித்தது. எங்கள் உருண்டை பச்சையாகவே நின்றது. அத்தான் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் அது நடந்தது. பஸ் டிரைவர் அண்ணன் என்று ஒருவர் மாதம் தவறாமல் முடிவெட்டிச் சவரமும் செய்துகொள்ள வருவார். உச்சியில் ஒன்றும் கிடையாது, காதைச் சுற்றி ஒரு வேலி மட்டும் இருக்கும். அந்த வேலியைத் திருத்த மற்றவர்களுக்கு ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் கேட்பார். அன்றைக்கு நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "உங்க மரம் பூத்திருக்கே" என்றார். அத்தான் கேலி என்று நினைத்துக் காதில் வாங்கவில்லை. அண்ணன் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். முதுகுக்குப் பின்னால் கதவுக்கு மேலே இருக்கும் கண்ணாடிச் சன்னல் அதில் தெரிந்தது. அதற்கு வெளியே கடைப் பெயர்ப் பலகையின் முதுகுப்புறம் தெரியும். பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கிளை யாருக்கும் தெரியாமல் நுழைந்து வளர்ந்திருந்தது. அதன் நுனியில் ரோஜா நிறத்தில் ஒரு பூ விரிந்து நின்றது.

சோப்பு நுரையோடு அண்ணனை அப்படியே விட்டுவிட்டு அத்தான் வெளியே ஓடினார். சத்தம் கேட்டு நானும் ஓடினேன். ஸ்டூலில் ஏறினார், பலகைக்குப் பின்னால் கையை விட்டார், பூவைப் பார்த்தார், முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். பிறகு, மாடியம்மாவிடம் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில், சட்டைப் பையில் இருந்த கத்தரியால் கிளையைக் கச்சிதமாக வெட்டி எடுத்துவிட்டார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அதைக்கூடக் கவனிக்காமல் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். மாடியம்மா பூவை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பஸ் ஸ்டாப் மரத்தில் பறித்த பூ என்று தனக்குத் தெரியாதா என்று சிரித்தாராம். பஸ் டிரைவர் அண்ணன் பாதிச் சவரத்தோடு படியேறிப் போய்ச் சாட்சி சொன்னார். அந்தக் கோலத்தில் வந்த சாட்சியை யார் நம்புவார்கள்? ஆனால் மாடியம்மா இரக்கப்பட்டு, இன்னும் ஒரு தடவை பார்ப்போம் என்று அடுத்த பூப்பருவம் வரை தவணை கொடுத்தார். அதற்கு மேல் தன் மகனுக்கு அவரால் பதில் சொல்ல முடியாது.

அன்று மாலை கடையில் நாங்கள் மூன்று பேரும் அந்தக் கிளையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அக்கா அதிகம் பேச மாட்டாள், பேசினால் நேராக நடுவில் வந்து நிற்பாள். "கத்தரி எட்டாத எடத்துல மட்டும் எப்படிங்க பூத்துச்சு?" என்று கேட்டாள்.

அத்தான் கிளையைக் கையில் எடுத்தார். கிளையின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பூவுக்குப் பக்கத்தில் இன்னும் சில மொட்டுகள் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. நுனியில்தான் மொட்டு வைக்கும் மரம் அது. இத்தனை வருஷமாகத் தினம் காலையில் அவர் வெட்டிப் போட்டதெல்லாம் நுனிகள். மண்ணையும் நர்சரிக்காரரையும் என் மிஷினையும் திட்டியதை நினைத்து அவர் முகம் அப்போது போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. அதனால் ஒரு வாரம் கழித்துத்தான் அதைச் சொல்லிக்காட்டினேன்.

மறுநாளிலிருந்து மரத்தின் மேல் கத்தரி படக் கூடாது என்று முடிவானது. முடிவு செய்வது சுலபம். சலூனில் எத்தனை கத்தரியை ஒளித்து வைப்பது? அதனால் என்னைக் காவல் போட்டார்கள். என் மிஷினைச் சன்னல் ஓரமாக, மரம் தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டேன். அத்தான் வாசலுக்கு வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தால் போதும், நான் தொண்டையைச் செருமுவேன். உள்ளே போய்விடுவார். உண்மையைச் சொல்கிறேன், அந்த மாதிரி ஒரு அதிகாரம் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

மரம் கட்டவிழ்த்து விட்டது போல வளர்ந்தது. ஒரு கிளை பலகையை மறைத்தது, ஒரு கிளை வருகிறவர்கள் முகத்தில் தட்டியது. உருண்டை மரத்தைத் தேடி வந்தவர்கள் கடையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். முடிவெட்டுகிறவர் வாசலில் இப்படி ஒரு பரட்டைத் தலையா என்று பெஞ்சில் உட்கார்ந்து கேலி பேசினார்கள். அத்தான் எல்லாவற்றையும் சிரித்தபடி தாங்கிக்கொண்டார். ஆனால் வேலை செய்யும்போது கண்ணாடியில் அந்த மரம் தெரிந்ததை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. கண்ணாடியின் ஒரு பாதியில் துண்டைத் தொங்கவிட்டார். வாடிக்கையாளர்கள் தங்கள் முகத்தில் ஒரு பாதியை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற பாதியை நம்பிக்கையின் பேரில் விட்டுப் போனார்கள்.

அந்த நம்பிக்கைக்கும் ஆபத்து வந்தது. காலையில் வெட்டிப் பழகிய கை, வெட்ட ஒன்றும் இல்லாமல் இறுகிப்போனது. மரத்தில் விட்டதைத் தலையில் பிடிக்க ஆரம்பித்தார். கொஞ்சம் குறைத்தால் போதும் என்றவர்கள் பட்டாளத்துக்குப் போகிறவர்கள் மாதிரி எழுந்து போனார்கள். பாஸ்போர்ட் படம் எடுப்பதற்காக முடிவெட்ட வந்த ஒருவர், படம் எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கே வந்து, பத்து வருஷத்துக்கு நான் இந்த முகத்தைத்தானே காட்டியாக வேண்டும் என்று படத்தை நீட்டினார். அதில் ஒரு கிருதா மேலே, ஒரு கிருதா கீழே. அதன் பிறகு பெஞ்சில் ஆள் குறைந்தது. வீட்டில் அவர் பேசுவதும் குறைந்தது என்று அக்கா சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது. மரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மனுஷனை இழந்துவிடுவோமோ என்று தோன்றியது. ஆனால் காவலை விடவும் மனசு வரவில்லை. மரம் போனாலும் அவர் உடைந்துதானே போவார்?

பிறகு எப்படியோ எல்லாம் சரியானது. ஒரு வாரம் பார்த்தால் அத்தான் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கடை திறக்கிறார். கிருதா இரண்டும் ஒரே அளவுக்கு வந்துவிட்டன. பாஸ்போர்ட்காரரைக் கூப்பிட்டு மறுபடி வெட்டி அனுப்பினார். சின்னப் பயலை அடக்குகிற மாதிரி நான் அடக்கி வைத்ததால்தான் மனுஷன் திருந்தினார் என்று அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டேன். அக்கா, "ஆமாமா, நீ இல்லன்னா என்ன ஆகியிருக்கும்" என்றாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் அக்கா என்னை அப்படி லேசில் பாராட்டுகிறவள் இல்லை.

பஸ் ஸ்டாப் மரம் மொட்டுவிட்ட அதே வாரம் எங்கள் மரமும் மொட்டுவிட்டது. முதலில் ஒரு கிளை, பிறகு அடுத்தது. ஒரு சனிக்கிழமை காலை நான் கடைக்கு வந்தபோது என் சன்னலுக்கு எதிரே பச்சையைக் காணோம், எல்லாம் ரோஜா நிறம். நான் வேலையைப் போட்டுவிட்டு அழுதேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சந்தோஷம்தான்.

மாடியம்மா மகனோடு இறங்கி வந்தார். அத்தான் கைகளைக் கட்டிக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார். மாடியம்மா பூவைப் பார்த்தார். மெல்ல நடந்து மரத்தின் அந்தப் பக்கம், அதாவது என் கடைக்கு எதிர்ப்புறம், மாடிப்படிப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

அங்கே ஒரு பூவும் இல்லை. அந்தப் பாதி மரம் மேலிருந்து கீழே வரை சுவர் மாதிரித் திருத்தமாக வெட்டப்பட்டு நின்றது. ஒரு இலைகூட வெளியே நீட்டவில்லை. வெட்டுவாய் ஒவ்வொன்றும் ஒரே சாய்வில் இருந்தது. அந்தச் சாய்வை நான் எத்தனையோ பிடரிகளில் பார்த்திருக்கிறேன்.

"அத்தான்" என்றேன். அவர் எங்கேயோ பார்த்தார். தினமும் நான் வருவதற்கு முன்னால் கடை திறந்து, என் சன்னலிலிருந்தும் நான் வந்துபோகும் வழியிலிருந்தும் தெரியாத பக்கத்தில் வேலையை முடித்திருக்கிறார். சில நாள் நான் வந்த பிறகும் நடந்திருக்கும். கத்தரிச் சத்தம் கேட்கத்தான் செய்தது. சலூனில் கத்தரிச் சத்தம் கேட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்? இத்தனை மாசம் காவல் காத்தேனே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாக்குத் தவறிய மனுஷன், மரத்தைப் பாதியாக்கிய மனுஷன் என்று அத்தனை பேர் முன்னாலும் பிடிபிடியென்று பிடித்தேன்.

"அவரை ஏன் திட்டுற? நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றாள் சலூனிலிருந்து வெளியே வந்த அக்கா. "ஸ்டூல் புடிச்சதும் நான்தான், குப்பை கூட்டுனதும் நான்தான். மரம் போனா இன்னொரு மரம் வெக்கலாம். இவரு கை போயிட்டா நான் எங்க போய் வாங்குறது?"

அத்தான் அக்காவைப் பார்த்த பார்வையை நான் பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன்.

மாடியம்மா சிரித்தார். படிக்கட்டுச் சன்னலிலிருந்து தினமும் காலையில் இந்தக் கூத்தை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கும் தெரியுமாம். ஆக, தெருவுக்கே தெரிந்த விஷயம் காவல்காரிக்கு மட்டும் தெரியவில்லை. மாடியம்மாவின் மகன் அதற்குள் கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். காரை மெதுவாகப் பின்னால் எடுத்து, வெட்டிய பக்கத்தை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினான். ஒரு இலை உரசவில்லை. அளவெடுத்துத் தைத்தது போல நின்றது. தையல்காரி நானே சொல்கிறேன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"இப்படியே இருக்கட்டும் தம்பி" என்றார் மாடியம்மா. "அந்தப் பக்கத்தை மட்டும் வளர விட்டுராதீங்க."

அன்றைக்கே அத்தான் கண்ணாடியிலிருந்து துண்டை எடுத்துவிட்டார். நாற்காலியில் உட்காருகிறவர்கள் இப்போது தங்கள் முகத்தோடு பாதி மரம் பூவையும் பார்க்கிறார்கள். பஸ் டிரைவர் அண்ணன் வேலியைத் திருத்த இன்னும் அதிக நேரம் கேட்கிறார். மரத்துக்குப் பாதி மழித்த தலை என்று புதுப் பெயர் வைத்தார்கள். அத்தான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நடுவில் நேராக வகிடு எடுத்து இரண்டு பக்கமும் இரண்டு விதமாகச் சீவியிருக்கிறது, அவ்வளவுதான் என்கிறார்.

பூவெல்லாம் உதிர்ந்து முடிந்தது. பூத்து முடிந்த கையோடு ஒருமுறை வெட்டிவிட்டால் மரத்துக்கு நல்லது, அடுத்த பருவத்துக்குள் புது நுனி வந்துவிடும் என்று நர்சரிக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். திட்டு வாங்கிய மனுஷன்தான், மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அத்தான் என் கடை வாசலில் வந்து நின்றார். கையில் கத்தரி. உள்ளே வரவில்லை. என் பக்கத்து மரத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

நான் தொண்டையைச் செருமவில்லை. எழுந்து போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.